மலிவான மின்சாரம் – யாருக்கு மலிவு?



நம்ம நாட்டில் அணுமின் நிலையம் கட்டலாமா வேண்டாமா என்ற பேச்சு மறுபடியும் கிளம்பியிருக்கிறது. இது புதுப் பேச்சு இல்லை. 2011-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலேயே இதற்கென்று அரசு ஒரு நிறுவனத்தை அமைத்தது. ஆயிரம் மெகாவாட் அளவில் இரண்டு உலைகள், முதல் உலை 2021-இல் ஓடும் என்பது அன்றைய திட்டம். அதே ஆண்டு மார்ச் 11-ஆம் தேதி ஜப்பானில் நிலநடுக்கமும் சுனாமியும் வந்து ஃபுகுஷிமா உலைகள் கெட்டுப் போயின. இங்கே பேச்சு அடங்கியது. 2018-இல் அப்போதைய பிரதமர் துன் மகாதீர் அணு மின்சாரம் நமக்கு வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். இப்போது 13-ஆவது மலேசியத் திட்டத்தில் அது திரும்பவும் ஒரு தெரிவாக வந்து உட்கார்ந்திருக்கிறது. சிங்கப்பூரும் அப்படித்தான். இருக்கிற தொழில்நுட்பம் நமக்குப் பொருந்தாது என்று 2012-இல் முடிவு செய்தார்கள். இப்போது புதிய வகை உலைகளை மீண்டும் ஆராய்கிறார்கள்.

இந்த விஷயத்தை நம்ம ஆட்கள் பேசுவதைக் கேட்டிருப்பீங்க. பாதிப்பேர் அணு கட்சி, பாதிப்பேர் சோலார் கட்சி. காற்பந்து ரசிகர்கள் மாதிரி. இரண்டு கட்சியும் இரண்டே வார்த்தையில்தான் சண்டை போடும். ஒன்று "மலிவு". இன்னொன்று "நம்பகம்". சோலார்தான் மலிவு என்பார் ஒருவர். ராத்திரியில் சோலார் எங்கே, அணுதான் நம்பகம் என்பார் மற்றவர்.

இந்த இரண்டு வார்த்தையையும் பொறியாளர்களிடம் விட்டுவிட்டு நாம் ஒதுங்கிப் போகக்கூடாது என்பதுதான் என் கருத்து. மலிவு என்றால் யார் கொடுக்கிற விலை? நம்பகம் என்றால் யார் யாருக்குக் கொடுத்த வாக்கு? இரண்டுமே நியாயம் சம்பந்தப்பட்ட கேள்வி. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு யூனிட் எவ்வளவு?

முதலில் எண்களைப் பார்ப்போம். அமெரிக்காவில் லசார்ட் என்ற நிதி நிறுவனம் ஆண்டுதோறும் மின் உற்பத்திச் செலவை ஒப்பிட்டு ஒரு கணக்கு வெளியிடும். 2024-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, புதிதாகக் கட்டும் அணுமின் நிலையத்தில் ஒரு மெகாவாட் மணி, அதாவது ஆயிரம் யூனிட், 142 முதல் 222 டாலர் வரை ஆகிறது. பெரிய சோலார் பண்ணையில் அதே ஆயிரம் யூனிட் 29 முதல் 92 டாலர்.

சோலார் ஜெயித்துவிட்டதே என்று சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுங்க. ஆயிரம் மெகாவாட் அணு உலை நன்றாக ஓடினால், ஆண்டில் பத்தில் ஒன்பது பங்கு நேரம் முழு அளவில் ஓடும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 21,600 மெகாவாட் மணி கிடைக்கும். ஆயிரம் மெகாவாட் சோலார் நம்ம வெயிலில், நம்ம மேகமூட்டத்தில், ஒரு நாளைக்கு 4,000 மெகாவாட் மணி கொடுத்தால் நல்ல நாள். ஆக, பெயரில் ஒரே "ஆயிரம்" என்றாலும் கையில் வருவது ஐந்தில் ஒரு பங்குதான். 2050-க்குள் நம் நாட்டின் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க சக்தியாக இருக்கும் என்று அரசு இலக்கு வைத்திருக்கிறது. "திறனில் 70" என்பதும் "மின்சாரத்தில் 70" என்பதும் ஒன்றில்லை. இந்த வித்தியாசத்தை மறைத்துப் பேசுகிறவர் சோலார் கட்சியாக இருந்தாலும் நமக்கு நேர்மையாகப் பேசவில்லை என்று அர்த்தம்.

இன்னொன்று நேரம். சாயங்காலம் ஏழரை மணிக்குச் சூரியன் போய்விடும். அப்போதுதான் வேலை முடிந்து எல்லாரும் வீட்டுக்கு வருகிறோம். விளக்கு, சமையல், ஏர்கான் எல்லாம் அப்போதுதான். மதியம் மூன்று மணிக்கு மலிவாகக் கிடைக்கிற மின்சாரத்தை ராத்திரிக்கு எடுத்து வைக்க பேட்டரி வேண்டும். அதே லசார்ட் கணக்கில் பேட்டரியோடு சேர்ந்த சோலார் 60 முதல் 210 டாலர். இப்போது இரண்டு பக்க விலையும் ஒன்றோடொன்று உரசிக்கொள்கிறது. ஆக, எந்த நேரத்து மின்சாரம் என்று சொல்லாமல் மலிவு என்று பேசினால் பாதிக் கணக்குதான் பேசியதாகும்.

கட்டி முடிக்காத வீடு

அணு மின்சாரத்தின் செலவில் எரிபொருள் சின்னப் பங்கு. பெரும்பங்கு கட்டுமானமும் வட்டியும். இது நமக்குப் புரிந்த விஷயம்தான். வீடு வாங்க வங்கியில் கடன் எடுக்கிறோம். மேம்பாட்டாளர் மூன்று ஆண்டில் சாவி தருவேன் என்கிறார். பத்து ஆண்டு இழுத்தால்? வட்டி ஓடிக்கொண்டே இருக்கும், வாடகையும் கட்டவேண்டும். நம் நாட்டில் கைவிடப்பட்ட வீடமைப்புத் திட்டங்களில் மாட்டிக்கொண்ட குடும்பங்களைக் கேட்டால் இந்த வலி தெரியும்.

பின்லாந்தில் ஒல்கிலூவோட்டோ மூன்றாவது உலை 2005-இல் கட்டத் தொடங்கினார்கள். 2009-இல் முடியவேண்டியது. வழக்கமான உற்பத்தி தொடங்கியது 2023-இல். ஏறக்குறைய மூன்று பில்லியன் யூரோ என்று ஆரம்பித்த செலவு பதினொரு பில்லியன் அளவுக்குப் போனது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வோக்டல் மூன்றாவது, நான்காவது உலைகள் ஏழு ஆண்டு தாமதமாக 2023-இலும் 2024-இலும் ஓடத் தொடங்கின. 14 பில்லியன் டாலர் என்று சொன்ன செலவு 30 பில்லியனைத் தாண்டிவிட்டது.

இதைவிட மோசமான கதை பக்கத்து மாநிலமான தென் கரோலினாவில். அங்கே வி.சி. சம்மர் என்ற இடத்தில் இரண்டு உலைகள். கட்டி முடிப்பதற்கு முன்பே வாடிக்கையாளர்களின் பில்லில் செலவைச் சேர்த்து வசூலிக்கலாம் என்று 2007-இல் ஒரு சட்டம் போட்டார்கள். மக்கள் மாதாமாதம் கட்டினார்கள். ஏறக்குறைய 9 பில்லியன் டாலர் செலவான பிறகு 2017 ஜூலையில் திட்டத்தையே கைவிட்டார்கள். ஒரு பல்பு எரியவில்லை. ஆனால் அதற்கான காசை மக்கள் பில்லில் இன்னும் பல ஆண்டு கட்டவேண்டிய நிலை. முடிவு எடுத்தவர் ஒருவர், காசு கட்டினவர் இன்னொருவர்.

நியாயமாகப் பேசினால் மறுபக்கத்தையும் சொல்லணும். ஐக்கிய அரபு சிற்றரசில் பராக்கா என்ற இடத்தில் கொரியர்கள் நான்கு உலைகள் கட்டினார்கள். 2012-இல் தொடக்கம், 2024-க்குள் நான்கும் ஓடின. நாலுக்கும் சேர்த்து 5,600 மெகாவாட். அந்த நாட்டு மின்சாரத்தில் கால்பங்கு அங்கிருந்து வருகிறது. அங்கேயும் கொஞ்சம் தாமதம் உண்டு, ஆனால் வேலை முடிந்தது. ஆகவே அணுமின் நிலையம் என்றாலே இழுபறி என்று சொல்வது சரியில்லை. நிறைய உலைகளைத் தொடர்ந்து கட்டிப் பழகிய குழு, ஒரே மாதிரி வடிவம், கையில் பணம் உள்ள அரசு, இந்த மூன்றும் இருந்தால் முடியும். முதல் முறையாகக் கட்டுகிற ஒரு நாட்டில் இந்த மூன்றும் சேர்ந்து இருக்குமா என்பதுதான் கேள்வி. நமக்கு அணு உலை முற்றிலும் புதிதில்லை. பாங்கியில் 1982 முதல் ஓர் ஆராய்ச்சி உலை ஓடுகிறது. ஆனால் அது ஒரே ஒரு மெகாவாட். ஆயிரம் மெகாவாட் வேறு விளையாட்டு.

நம்பகம் என்பது கொடுத்த வாக்கு

சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரியவேண்டும். இதுதான் மின்சாரம் கொடுக்கிறவர் நமக்குக் கொடுத்த வாக்கு. டயாலிசிஸ் இயந்திரத்தோடு படுத்திருக்கும் ஒரு பாட்டிக்கு இந்த வாக்கு உயிர். அதனால் "சோலார் எப்படியாவது சமாளிக்கும்" என்று பேசுவது பொறுப்பில்லாத பேச்சு.

ஆனால் எந்த நிலையமும் தனியாக அந்த வாக்கைக் காப்பாற்றியதில்லை. 1996 ஆகஸ்ட் 3-ஆம் தேதி தீபகற்ப மலேசியா முழுவதும் பல மணி நேரம் இருட்டில் கிடந்தது. உங்கள் அப்பா அம்மாவைக் கேளுங்க, நினைவு இருக்கும். திரெங்கானு பாக்காவில் உள்ள எரிவாயு மின் நிலையப் பக்கத்தில் தொடங்கிய கோளாறு அது. சோலாரும் இல்லை, அணுவும் இல்லை. பிரான்ஸ் நாடு தன் மின்சாரத்தில் பெரும்பங்கை அணுவிலிருந்து எடுக்கிறது. 2021-இல் அங்கே 56 உலைகள். 2021 கடைசியில் சில உலைகளின் குழாய்களில் வெடிப்பு கண்டார்கள். ஒரே மாதிரி வடிவம் என்பதால் மற்ற உலைகளையும் நிறுத்திப் பார்க்கவேண்டி வந்தது. 2022 ஆகஸ்டில் பாதிக்கு மேல் உலைகள் ஓடவில்லை. வழக்கமாக மின்சாரம் விற்கிற நாடு அந்த ஆண்டு வாங்கியது. ஒரே மாதிரி கட்டினால் செலவு குறையும் என்று சற்று முன்பு சொன்னேன். ஒரே மாதிரி கட்டினால் ஒரே நாளில் எல்லாம் நிற்கும் ஆபத்தும் கூடவே வருகிறது.

சோலாரின் குறை வேறு மாதிரி. அது தினமும் நிற்கும். ஆனால் எப்போது நிற்கும் என்று முன்கூட்டியே தெரியும். ராத்திரி வரும் என்பது செய்தி இல்லையே! தெரிந்த குறைக்கு ஏற்பாடு செய்யலாம். பேட்டரி, நீர்மின் அணை, பக்கத்து நாட்டோடு மின்கம்பி இணைப்பு என்று வழிகள் இருக்கின்றன. தென் ஆஸ்திரேலியாவில் 2016 செப்டம்பரில் புயலில் மாநிலமே இருண்டது. காற்றாலைகளை நம்பியதால்தான் இந்தக் கதி என்று பலர் குற்றம் சாட்டினார்கள். அடுத்த ஆண்டே ஹார்ன்ஸ்டேல் என்ற இடத்தில் 100 மெகாவாட் பேட்டரி வைத்தார்கள். இன்று அந்த மாநிலத்தின் மின்சாரத்தில் பெரும்பகுதி காற்றும் வெயிலும்தான். அங்கே இயந்திரம் மாறியது மட்டுமில்லை, ஏற்பாடும் மாறியது.

நம் நிலைமைக்கு ஒரு எச்சரிக்கை சேர்த்துக்கொள்ளணும். ஆஸ்திரேலியாவில் காற்று உண்டு. இங்கே காற்று பலம் குறைவு. நவம்பரில் தொடங்கும் பருவமழையில் கிழக்குக்கரை வாரக்கணக்கில் வெயில் பார்க்காது. நான்கு மணி நேர பேட்டரி ஒரு ராத்திரிக்கே முழுதாகத் தாங்காது, ஒரு வார மழைக்கு எங்கே போவது? அணு கட்சிக்காரர் கேட்கும் இந்தக் கேள்வி நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் சோலார் கட்சிக்காரர் கைதட்டல் வாங்கக்கூடாது.

பில்லில் வராத கணக்கு

இதுவரை பேசியது காசு. இனி பேசப்போவது பில்லில் வராத செலவு.

பேராக்கில் ஈப்போ பக்கத்தில் புக்கிட் மேரா என்ற ஊர். 1980-களில் அங்கே ஏசியன் ரேர் எர்த் என்ற தொழிற்சாலை அரியவகை மண் தாதுக்களைப் பிரித்தெடுத்தது. மிச்சமாக வந்தது தோரியம் கலந்த கதிரியக்கக் கழிவு. ஊர் மக்கள் 1985-இல் நீதிமன்றம் போனார்கள். 1992-இல் ஈப்போ உயர்நீதிமன்றம் மூடச் சொன்னது. 1993-இல் மேல் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. 1994-இல் நிறுவனமே மூடிவிட்டுப் போனது. கழிவு கிளேடாங் மலைத்தொடரில் புதைக்கப்பட்டது. ஆலை ஓடியது சில ஆண்டுகள். தோரியத்தின் அரை ஆயுள் 1,400 கோடி ஆண்டுகள். இது அணுமின் நிலையம் இல்லை, தெரியும். ஆனால் கதிரியக்கக் கழிவு விஷயத்தில் நம் நாட்டின் அனுபவம் இதுதான். சம்பாதித்தவர் போய்விட்டார், மலை இங்கே இருக்கிறது.

பின்லாந்துக்காரர்கள் இதில் நேர்மையாக நடந்திருக்கிறார்கள் என்றே சொல்வேன். ஓன்கலோ என்ற இடத்தில் 400 மீட்டருக்கும் கீழே பாறையைக் குடைந்து, தீர்ந்த எரிபொருளை அடக்கம் செய்ய இடம் தயார் செய்திருக்கிறார்கள். கணக்கு வைத்திருப்பது ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு.

ஒரு லட்சம் ஆண்டு என்றால் என்ன? நம்ம கணக்கில் பாருங்க. ஓர் ஆலயத்துக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம். ஒரு லட்சம் ஆண்டில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கும்பாபிஷேகங்கள். இரண்டு நிர்வாகக் குழு மாறினாலே ஆலயத்து நிலப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று தேடுகிற கதை நமக்குத் தெரியாததா? கெடாவில் பூஜாங் பள்ளத்தாக்கு. கடாரம் என்று நாம் பெருமையாகச் சொல்லும் பூமி. ஆயிரம் ஆண்டுப் பழமை உள்ள சண்டிகள் அங்கே உண்டு. அதில் ஒன்று வீடமைப்புக்காக இடிக்கப்பட்டது 2013-இல் தெரியவந்தது. ஆயிரம் ஆண்டுச் சின்னத்தையே நம்மால் பத்திரமாக வைத்திருக்க முடியவில்லை. கல்லில் கட்டிய, எல்லாரும் மதிக்கிற ஒன்றையே.

சரி, சோலார் பக்கம் மட்டும் சுத்தமா? இல்லை. தகடுகள் 25, 30 ஆண்டில் குப்பையாகும். அதைப் பிரித்து மறுபடி பயன்படுத்த இங்கே பெரிய ஏற்பாடு இன்னும் இல்லை. பேட்டரிக்கு வேண்டிய கோபால்ட்டைக் காங்கோவில் தோண்டுகிறவர்களில் குழந்தைகளும் உண்டு. நீர்மின்சாரமும் புதுப்பிக்கத்தக்கதுதான். சரவாக்கின் பாக்குன் அணை 2,400 மெகாவாட். அதற்காக ஏறக்குறைய பத்தாயிரம் பூர்வகுடி மக்களை சுங்கை அசாப்புக்கு மாற்றினார்கள். தோட்டம் கைமாறும்போது லயன் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போன குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் நாம். "மேம்பாடு" வரும்போது எழுந்து போகச் சொல்லப்படுவது யார் என்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே, இன்று ராத்திரி நாம் எரிக்கப்போகும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி நிலக்கரியும் எரிவாயுவும். காப்பாரிலும் மஞ்சோங்கிலும் எரிகிற நிலக்கரியைக் கப்பலில் இறக்குமதி செய்கிறோம். 2025 ஏப்ரல் 1-ஆம் தேதி புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் வெடித்து வீடுகள் எரிந்ததைப் பார்த்தோம். உலகக் கணக்கில், ஒரு யூனிட்டுக்கு இத்தனை உயிர் என்று பார்த்தால், நிலக்கரியோடு ஒப்பிடும்போது அணுவும் சோலாரும் இரண்டுமே பல மடங்கு பாதுகாப்பானவை. நிலக்கரியின் கழிவு மலையில் புதைப்பதில்லை. நம் பிள்ளைகளின் நுரையீரலிலும் வானத்திலும் புதைக்கிறோம். அது கண்ணுக்குத் தெரியாததால் மலிவு என்கிறோம்.

கூரை இல்லாதவருக்கு என்ன நியாயம்?

சோலார் கட்சிக்காரர்கள் அதிகம் பேசாத ஒரு விஷயம் உண்டு. 2011-இல் வந்த சட்டத்தின் கீழ் புதுப்பிக்கத்தக்க சக்திக்கு ஒரு நிதி அமைத்தார்கள். மாதம் 300 யூனிட்டுக்கு மேல் எரிக்கும் வீடுகளின் பில்லில் 1.6 விழுக்காடு அதற்குப் போகும். பில்லை எடுத்துப் பாருங்க, தனி வரியாக இருக்கும். அந்த நிதியிலிருந்து, கூரையில் சோலார் போட்டு மின்சாரம் விற்றவர்களுக்கு 21 ஆண்டுகளுக்கு நல்ல விலை கொடுத்தார்கள். 300 யூனிட் வரை விலக்கு கொடுத்தது நல்ல ஏற்பாடு. ஆனாலும் ஒன்று யோசிங்க. சோலார் போட யாரால் முடிந்தது? சொந்தத் தரைவீடும் கையில் சில பத்தாயிரம் வெள்ளியும் உள்ளவரால். பிபிஆர் ஃபிளாட்டில் பத்தாவது மாடியில் ஆறு பேரோடு இருக்கும் குடும்பத்துக்குக் கூரை ஏது? அவர்கள் வீட்டில் ஆள் அதிகம் என்பதால் 300 யூனிட்டைத் தாண்டியிருந்தால், பங்களா வீட்டுக் கூரைக்கு அவர்களும் கொஞ்சம் காசு கொடுத்தார்கள் என்று அர்த்தம்.

தென் கரோலினாவில் ஓடாத உலைக்குக் காசு கட்டினவருக்கும் நம்ம ஃபிளாட் குடும்பத்துக்கும் தொகையில் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. ஆனால் கேள்வி ஒரே மாதிரிதான். லாபம் யாருக்குப் போகிறது, சுமை யார் தலையில் ஏறுகிறது, முடிவு எடுக்கும்போது சுமப்பவரைக் கேட்டார்களா? சோலாரில் இந்த அநியாயத்தைச் சரி செய்ய முடியும். ஃபிளாட்டின் பொதுக் கூரை, பள்ளிக் கூரை, ஆலய மண்டபத்துக் கூரை ஆகியவற்றில் போட்டு, பலனைச் சுற்றி இருக்கிறவர்களுக்குப் பங்கு பிரிக்கலாம். செய்யவேண்டும் என்ற எண்ணம்தான் வேண்டும்.

கூடங்குளம் சொல்லும் இரண்டு நியாயம்

தமிழ்நாட்டில் நடந்த கதையும் நமக்கு ஒரு பாடம். கூடங்குளம் ஒப்பந்தம் 1988-இல் கையெழுத்தானது. கட்டுமானம் தொடங்கியது 2002-இல். முதல் உலை வணிக உற்பத்திக்கு வந்தது 2014-ஆம் ஆண்டின் கடைசி நாளில். 13,171 கோடி ரூபாய் என்று சொன்ன செலவு பல ஆயிரம் கோடி கூடியது. 2011-க்குப் பிறகு இடிந்தகரை மீனவக் குடும்பங்கள் மாதக்கணக்கில் போராடினார்கள். ஆயிரக்கணக்கானோர் மீது வழக்குப் போட்டார்கள். அதே 2012-இல் தமிழ்நாட்டின் பல ஊர்களில் ஒரு நாளைக்குப் பல மணி நேரம் மின்வெட்டு. பட்டறை வைத்திருந்தவர் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தார், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மெழுகுவத்தி ஏற்றியது.

மீனவருக்குப் பயம் உண்மை. பட்டறைக்காரருக்குப் பசி உண்மை. யார் பேச்சையும் "விவரம் தெரியாதவன் பேச்சு" என்று தள்ள முடியாது. ஆனால் ஒன்று கவனிங்க. மின்சாரம் மாநிலம் முழுக்கப் போகிறது. ஆபத்து என்று ஏதாவது வந்தால் அது முதலில் வந்து நிற்பது அந்தக் கரையில்தான். அப்படியிருக்க, பலனைப் பலரோடு பங்கு போட்டுக்கொண்டு ஆபத்தைச் சிலரிடம் விடுகிற எந்தத் திட்டத்திலும், அந்தச் சிலருடைய சம்மதத்துக்கு மற்றவர் சம்மதத்தைவிட அதிக மதிப்பு கொடுக்கவேண்டும். அது அணுவாக இருந்தாலும் அணையாக இருந்தாலும்.

அப்படியென்றால் என் முடிவு என்ன?

மனிதர் எடுக்கும் முடிவில் தவறு வரும். வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. ஆகவே நான் கேட்கும் கேள்வி: தவறு நடந்தால், பின்னால் வருகிறவர் அதைத் திருத்த முடியுமா?

சோலார் பண்ணை தப்பான இடத்தில் போட்டுவிட்டோம் என்றால் பத்து ஆண்டில் பிடுங்கி வேறு இடத்தில் வைக்கலாம். பேட்டரி சரியில்லை என்றால் நல்ல பேட்டரி வரும்போது மாற்றலாம். சின்னச் சின்னத் துண்டாகக் கட்டுவதால் நஷ்டமும் சின்னத் துண்டாகத்தான் வரும். அணுமின் நிலையம் அப்படி இல்லை. இன்று முடிவு எடுத்தால் 2030-களின் பிற்பகுதியில் ஓடும். அறுபது ஆண்டு ஓடும். உங்களுக்கு இன்று இருபது வயது என்றால், அதை மூடும்போது உங்கள் பேரன் பேத்திகள் நடுவயதில் இருப்பார்கள். பிரித்தெடுக்கிற செலவும் கழிவும் அவர்களிடம் போகும். பெற்றவர் வைத்த கடனைப் பிள்ளை அடைப்பது நம்ம வழக்கம்தான். ஆனால் பிறக்காத பிள்ளை பேரில் கடன் எடுக்க அப்பனுக்கு உரிமை உண்டா?

இதற்கு ஒரு வலுவான பதில் உண்டு, அதையும் சொல்கிறேன். "சோலார், பேட்டரி என்று மெதுவாகப் போனால் அதுவரை நிலக்கரியை எரிப்பீங்களே! வானத்தில் ஏறிய கரியமில வாயு நூற்றாண்டுக் கணக்கில் அங்கேயே கிடக்கும். அதுவும் பிறக்காத பிள்ளை பேரில் எடுத்த கடன்தானே?" உண்மை. இந்தப் பதிலால்தான் அணுவை அடியோடு வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஜெர்மனி 2023 ஏப்ரலில் கடைசி மூன்று உலைகளை மூடியபோது நிலக்கரி நிலையங்கள் அங்கே ஓடிக்கொண்டுதான் இருந்தன. கட்டி முடித்து நன்றாக ஓடுகிற உலையை நிலக்கரிக்கு முன்பே மூடுவது நல்ல வரிசை என்று எனக்குத் தோன்றவில்லை. ஓடுகிற உலை வேறு, இனி கட்டப்போகிற உலை வேறு.

நம் நாட்டில் ஓடுகிற உலை இல்லை. ஆகவே நமக்கு வரிசை தெளிவாகவே இருக்கிறது. இந்தப் பத்து ஆண்டில் நிலக்கரியைக் குறைக்கக்கூடியது, இந்தப் பத்து ஆண்டில் கட்டி முடிக்கக்கூடியதுதான். கூரைகள், சோலார் பண்ணைகள், பேட்டரி, இருக்கிற அணைகள், அண்டை நாடுகளோடு இணைப்பு, மின்சாரச் சிக்கனம். சிங்கப்பூர் நிலம் இல்லாத நாடு. 2021-இல் தெங்கே நீர்த்தேக்கத்தின் மேலேயே 60 மெகாவாட் சோலாரை மிதக்கவிட்டார்கள். நிலம் இருக்கிற நாம் சாக்கு சொல்ல முடியாது. இவை செய்து முடித்த பிறகும் மழைக்கால வாரங்களுக்குப் பற்றாக்குறை நிற்கும் என்றால், அப்போது அணுவைப் பற்றிப் பேசலாம், மூன்று நிபந்தனையோடு. செலவு கூடினால் முடிவு எடுத்தவரும் முதலீடு செய்தவரும் தாங்கவேண்டும், பில்லில் முன்கூட்டியே ஏற்றக்கூடாது. கழிவுக்கு இடமும் பணமும் முதல் யூனிட் விற்பதற்கு முன்பே தயாராக இருக்கவேண்டும். பக்கத்து ஊர் மக்களுக்கு "வேண்டாம்" என்று சொல்லும் உரிமை காகிதத்தில் மட்டும் இல்லாமல் உண்மையில் இருக்கவேண்டும். இந்த மூன்றையும் ஏற்க முடியாது என்றால், அந்த மின்சாரம் மலிவு என்று சொன்னவர் யாருடைய பையிலிருந்தோ எடுத்துக் கொடுக்கிறார் என்று புரிந்துகொள்ளலாம்.

நாம் செய்யவேண்டியது ஒன்று உண்டு. அடுத்த முறை கரண்ட் பில் வந்தால் மொத்தத் தொகையை மட்டும் பார்க்காமல் ஒவ்வொரு வரியையும் படிங்க. உங்கள் ஃபிளாட் நிர்வாகக் கூட்டத்திலும் ஆலய ஆண்டுக் கூட்டத்திலும் கூரையைப் பற்றிக் கேளுங்க, பலனை யாருக்குப் பங்கு வைப்பது என்றும் கேளுங்க. அணுமின் நிலையம் பற்றி மக்கள் கருத்து கேட்கும் நாள் வந்தால் போய் உட்காருங்க. 2080-லும் பில் கட்டப்போகிறவர்கள் அந்த அறையில் நீங்கள் மட்டும்தான்.